பிளேட்டில் இருக்கும் மாதம்

வெளியே இருந்து கொண்டுவரும் காருக்குப் பதினைந்து வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஆகியிருந்தால் இந்த நாடு அதனிடம் ஒன்றும் கேட்காது. காற்றுப்பை எங்கே, பக்கவாட்டில் இடித்தால் கதவு எவ்வளவு உள்ளே போகும், பம்பர் தரையிலிருந்து எத்தனை அங்குலம், ஒன்றும் கேட்காது. ஆகாவிட்டால் எல்லாவற்றையும் கேட்கும். எங்கள் காரிடம் ஒன்றுக்கும் பதில் கிடையாது. அதற்குக் காற்றுப்பை இல்லை, பம்பரே இல்லை. ஆனால் வயது இருக்கிறது. செய்தவர் பெயரும் மாதமும் பொறித்த பிளேட்டில் அக்டோபர் 2010 என்று அடித்திருக்கிறோம், இது 2026 ஜனவரி, பதினைந்து வருஷமும் மூன்று மாதமும். வீட்டிலிருந்து கிளம்பும்போதும் சொன்னேன், நெடுஞ்சாலையில் ஏறும்போதும் சொன்னேன். என் வீட்டுக்காரர் பூபதி வண்டியை ஓட்டிக்கொண்டே, "என்றகிட்ட எதுக்கு ஒப்பிச்சுட்டு இருக்கறெ? நானா முத்திரை குத்தப்போறேன்?" என்றார். ஒப்பிக்கவில்லை. தெரிந்ததைச் சொல்வது வேறு, ஒப்பிப்பது வேறு. இப்போது சுங்க அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் என் கையில் இருக்கும் சீட்டில் அறுபத்து மூன்று, சுவரில் இருக்கும் திரையில் ஐம்பத்து நான்கு. மூன்று ஜன்னல், ஒன்றில்தான் ஆள். தலைக்கு மேலே இருந்து வெந்நீர் ஆவி மாதிரி காற்று இறங்குகிறது, கோட்டைக் கழற்றினால் கதவு திறக்கும்போதெல்லாம் முதுகு குளிர்கிறது, போட்டால் கழுத்து வேர்க்கிறது. எல்லோர் பூட்ஸுக்கும் கீழே சின்னச் சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பூபதி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தூங்கவில்லை, தூங்கினால் வாய் திறந்திருக்கும். கார் இங்கிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் ஒரு கிடங்கில் இருக்கிறது. தூத்துக்குடியில் ஏற்றியது. கடலில் ஐந்து வாரம், ரயிலில் ஒரு வாரம். கிடங்குக்காரர்கள் கன்டெய்னர் கதவைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இருட்டுக்குள் இரண்டு முகப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. நான் செய்த கண்குழிகள். அதை வேறு யாருடைய கார் என்றும் தவறாக நினைக்க முடியாது.

நகல் என்று சொன்னால் சிலருக்கு முகம் மாறுகிறது, ஏதோ கள்ளக் கையெழுத்து மாதிரி. அசல் ஒரு ஆங்கிலேயக் கார், அறுபத்து இரண்டில் செய்தது, இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, நீண்ட மூக்கு. குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்தார். வலது முன்பக்கம் அடிபட்டு கோயமுத்தூருக்கு இறங்கி வந்தது, கணபதியில் தாமோதரன் அண்ணன் பட்டறைக்கு. அவர் இரும்பு, நான் ஃபைபர் கிளாஸ், நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரிலும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நான் அப்போது தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் செய்துகொண்டிருந்தேன். அந்த வளைவுகளை ஒரு நாள் கையால் தடவிப் பார்த்தேன், அவ்வளவுதான். எஸ்டேட்காரரிடம் கேட்டுத்தான் அச்சு எடுத்தேன், "தாராளமா எடும்மா, பெயின்ட் போகாம பாத்துக்கோ" என்றார். அச்சு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகு ஏழு பூச்சு. ஒரு இடத்தில்கூட பெயின்ட் உரியவில்லை. சேஸிஸ் தாமோதரன் அண்ணன் குழாயில் வளைத்துக் கட்டியது, என்ஜின் ஒரு பழைய செடானிலிருந்து எடுத்தது. முடிந்தபின் அதை எங்கே ஓட்டுவது? நம்மூரில் வீட்டில் செய்த காருக்கு நம்பர் வாங்குவதற்குள் அதைச் செய்தவர்களுக்கு வயதாகிவிடும். நாங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் கார் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆகவே ரேஸ் டிராக்கில் ஓடியது. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், அரை நாள் ஓட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவருவோம். பதினைந்து வருஷமாக அந்தக் கார் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனதில்லை. ஒரு சிக்னலில் நின்றதில்லை. எனக்கு வேண்டியது அதுதான், ஒரு சிக்னலில் அதை நிறுத்தி, பச்சை விழுந்ததும் முதல் கியர் போட வேண்டும், பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிக்க வேண்டும். இங்கே அது முடியும். நகலுக்கு வயது எண்ணுவது அசல் பிறந்த வருஷத்திலிருந்து இல்லை, அந்த நகலை முழுசாகப் பூட்டி முடித்த மாதத்திலிருந்து. இது தெரியாமல் பிளேட்டில் 1962 என்று போட்டுக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் நசுக்கு. தகரம் நசுங்கும், ஃபைபர் நசுங்காது, வெள்ளை வெள்ளையாகக் கோடு விட்டு வெடிக்கும். அதை நான் ஏன் இப்போது நினைக்க வேண்டும்? நாங்கள் அப்படி எதுவும் போடவில்லை. இருப்பதைப் போட்டிருக்கிறோம்.

திரையில் ஐம்பத்து ஆறு. மடியில் கோப்பு இருக்கிறது, என் வேலைக்குத் தகுந்த மாதிரிதான் அடுக்கியிருக்கிறேன், பிரிப்பான் போட்டு. கப்பல் சீட்டு, என்ஜின் வாங்கிய ரசீது, பிளேட்டின் படம், நானும் தாமோதரன் அண்ணனும் தயாரிப்பாளர்கள் என்று நோட்டரி முன்னால் போட்ட கையெழுத்து. கடைசியில் அறிவிப்புப் படிவம். பூட்டி முடித்த மாதமும் ஆண்டும் என்கிற கட்டத்தில் அக்டோபர் 2010 என்று வீட்டிலேயே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் அதிகாரி முன்னால் போட வேண்டும். அதற்கு ஆதாரமாக ஒரு புகைப்படம், ஓரத்தில் தேதி விழுகிற பழைய கேமராவில் எடுத்தது: 16 அக்டோபர் 2010, ஆயுத பூஜை. இதைவிட நல்ல ஆதாரம் எவனும் கொண்டுவர மாட்டான். படத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன், சும்மா, பெருமைக்குத்தான். கார் பட்டறை வாசலில் நிற்கிறது. மூக்கில் சந்தனம், மூன்று விரல் பட்டையாக, நான் பூசியது. சம்பங்கி மாலை. பச்சை பெயின்ட் இன்னும் பாலிஷ் ஆகவில்லை, ஆனாலும் வானம் தெரிகிறது அதில். தாமோதரன் அண்ணன் வெள்ளை வேட்டியில், வேறு எந்த நாளும் அவரை வேட்டியில் பார்த்ததில்லை. பக்கத்தில் நான், மெலிந்து, கைகளை முந்தானையில் மறைத்துக்கொண்டு, கண்ணாடி நார் குத்திக் கை முழுக்கச் சிவப்பாக இருக்கும் அப்போதெல்லாம். முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல். படத்தை உள்ளே வைக்கப் போனேன். மறுபடி எடுத்தேன். செங்கல். முழுச் செங்கல், நெட்டாக இல்லை, படுக்கையாக, டயருக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறது. வாசல் சரிவாக இருக்கும், மழைத்தண்ணீர் ரோட்டுக்கு ஓடுவதற்காக. சரிவில் நிற்கிற காருக்கு முட்டு வைப்பது வழக்கம்தான். வழக்கம்தான், ஆனால் பிரேக் உள்ள காருக்கு வைப்பதில்லை.

இல்லை, அன்றைக்கு அது ஓடியது. சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மணி அடித்துக் கற்பூரம் காட்டும்போது பின்னால் தடதடவென்று ஒரு சத்தம், அதை மீறி யாரோ கத்திப் பேசுகிறார்கள், அந்தச் சத்தத்தை நான் இத்தனை வருஷமும் அந்த என்ஜினின் முதல் சத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். இங்கே வேலையில் யாராவது கேட்டால்கூட, நாங்கள் ஒரு பூஜை செய்தோம், அன்றைக்கு என்ஜின் ஓடியது என்றுதான் சொல்லுவேன். ஓடியிருந்தால் புகை எங்கே? சைலன்சர் அப்போது வரவில்லை, சைலன்சர் இல்லாமல் ஓடினால் அந்த வாசலில் நின்று யாரும் பேச முடியாது, கத்தியும் பேச முடியாது. அது தடதடவென்று ஒரே சீராக ஓடிய சத்தம், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. என்ஜினை முதலில் ஓடவிடுகிறவன் ஒரு தடவையாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இருப்பானா? ஜெனரேட்டர். அந்த வருஷம் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது, சீரியல் லைட்டுக்காக வாடகைக்கு எடுத்தோம், பக்கத்துப் பம்பு கம்பெனிக்காரர்களும் ஒரு ஒயர் இழுத்துக்கொண்டார்கள். சரி, ஜெனரேட்டர் என்றே வைத்துக்கொள்வோம். எலுமிச்சம்பழம்? நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்து ஏற்றினோமே. ஏற்றினோம். தள்ளினோம். ஆமாம், தள்ளினோம், பின்னால் நான்கு பேர், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன், "போதும் போதும், புடிங்க" என்று கத்தினது தாமோதரன் அண்ணன். புடிங்க என்றார், பிரேக் போடு என்று சொல்லவில்லை. அப்புறம்தான் செங்கல். பிறகு அந்த பிளேட் எப்படி? அது எனக்குத் தெரியும், அதில்தான் நான் இத்தனை நாள் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். எங்கள் இரண்டு பட்டறைக்கும் ஒரு பழக்கம், ஆயுத பூஜைக்கு எது தரையில் நிற்கிறதோ அதற்கு அன்றைக்கு பிளேட் அடித்துவிடுவது. பேர் இல்லாத சாமானுக்குச் சந்தனம் வைப்பது எப்படி என்று தாமோதரன் அண்ணன் கேட்பார். அரைகுறையாக இருந்தாலும், மூடி இல்லாத தொட்டியாக இருந்தாலும், அன்றைக்கு ரிவிட் அடித்து மாதம் வருஷம் பொறித்துவிடுவோம். கோயமுத்தூர் முழுக்க எங்கள் கைப்பட்டது எதை எடுத்துப் பார்த்தாலும் செப்டம்பரில் பிறந்திருக்கும் அல்லது அக்டோபரில். மற்ற பத்து மாதமும் நாங்கள் எதுவும் செய்யாத மாதிரி.

ஐம்பத்து எட்டு. அப்படியானால் எப்போது? பிரேக் எப்போது? என் கைக்குள் ஒரு குளிர் இருக்கிறது, இந்த ஊர்க் குளிர் இல்லை, டிராக்கின் விடிகாலை, புல்லில் பனித்துளி, பிரேக் எண்ணெயின் ஒரு மாதிரியான இனிப்பு வாசனை, மிதித்தால் கால் பாதி தூரம் வெறுமனே போய் அதற்கப்புறம் கல் மாதிரி நிற்கிறது. அது மாசி. பொங்கலுக்கு அப்புறம், ஊரெல்லாம் தேர்தல் என்று சுவர் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள், அது பதினொன்று, 2011, மார்ச். ஏப்ரலில் தேர்தல் முடிந்துவிட்டது. மார்ச். அப்படியென்றால் பதினைந்து ஆக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இரண்டே மாதம். எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது, இத்தனை வருஷத்தில் இரண்டு மாதம். பிறகு பூபதியின் முழங்கையைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமல், "கூப்புட்டாங்களா?" என்றார். "இல்லீங்க. ஏனுங்க, ஆயுத பூஜையன்னிக்கு வண்டி ஓடலீங்க." அவர் கண்ணைத் திறந்தார். "எந்த ஆயுத பூஜை?" படத்தைக் காட்டினேன், செங்கலில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு செங்கல்லு கெடக்குது. அதுக்கு?" "பிரேக் இல்லீங்க அதுல." "இப்ப இருக்குதல்ல?" "இப்ப இருக்குது. அன்னிக்கு இல்லை. அன்னிக்கு அது முடியல." அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், இங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று, இந்த ஊரில் அதைப் பார்த்துக்கொள்வது நல்லதுதான். "கோகிலா, நீ என்ன சத்தியப் பிரமாணமா எடுக்கப்போறெ? பிளேட்டுல என்ன இருக்குதோ அதைச் சொல்லப்போறெ. பிளேட்டு பொய் சொல்லுதா?" "பிளேட்டு நான் அடிச்சதுங்க." "அப்பறமென்ன, நீயே அடிச்சே, நீயே சொல்றெ. இதுல மூணாமத்தவனுக்கு என்ன தெரியும்? அந்தப் போட்டோவை மட்டும் வெளிய எடுத்துரு, செங்கல்லு தெரியுது." சொல்லிவிட்டு அவரே கோப்பிலிருந்து படத்தை உருவித் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, என் முகத்தைப் பார்த்து, "உன்ற தேரை நசுக்கிப்போட்டாங்கன்னா உன்னை யாரு சமாதானப்படுத்தறது? நாந்தான். எனக்கு அந்த வேலை வேண்டாம், சொல்லிட்டேன்" என்றார். அவருக்கு அந்தக் கார் மேல் ஒன்றும் ஆசை இல்லை, அதில் ஏறி இறங்க அவருக்கு முழங்கால் விடாது. என்மேல்தான்.

எழுந்து போய் ரோட்டைப் பார்த்த ஜன்னல் பக்கம் நின்றேன். தாமோதரன் அண்ணனுக்கு இப்போது ராத்திரி எட்டு மணி, சாப்பிட உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டேன், எடுத்ததும், "வண்டி வந்துருச்சா அம்மிணி?" என்றார். பின்னால் டி.வி. ஓடியது. "இன்னும் இல்லீங்கண்ணா, வெளியதான் உக்காந்திருக்கோம். அண்ணா, ஒண்ணு கேக்கோணும். பிளேட் அடிச்ச ஆயுத பூஜைக்கு நம்ம வண்டி ஓடுச்சுங்களா?" "ஓடுச்சே." "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." "நல்லா ஓடுச்சு, டிராக்குல ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு." "அது பொறகு. அன்னிக்கு, வாசல்ல." டி.வி. சத்தம் நின்றது. "அன்னிக்குச் சுண்டல் தின்னோம்" என்றார், பிறகு, "பெடலே இல்லியே அன்னிக்கு. பெடல் பாக்ஸை நான் தை மாசத்துலதானே வெல்டு வெச்சேன். மொதல்ல பண்ணுனது காலுக்கு எட்டலைன்னு நீ திட்டுனயே." "ஆமாங்கண்ணா." "இதை எதுக்கு இப்பக் கேக்கறெ?" சொன்னேன். முடித்த மாதத்தைத்தான் கேட்கிறார்கள், பிளேட் அடித்த மாதத்தை இல்லை என்று சொன்னேன். "இங்கெ வந்து பாத்தாங்களா அவிங்க?" என்றார். "இல்லீங்க." "பின்னென்ன? பிளேட் அடிச்சா வண்டி. நம்ம பட்டறையில எல்லாத்துக்கும் அதுதானே. நானும் நீயும் அதை ஒத்துக்கறோம், வேற யாரு ஒத்துக்கோணும்? அம்மிணி, இதைக் கன்டெய்னர்ல ஏத்தறப்ப நாலு பேரு வேண்டாம்னு நானே தள்ளி ஏத்துனேன், தெரியுமா? என்னால மறுக்கா அதை எறக்கிப் பாக்க முடியாது. ஓடுச்சுன்னு சொல்லீரு." "பாக்கறேங்கண்ணா." "பாக்கறேன்னா என்ன அர்த்தம்?" "எங்க நம்பர் வந்துரும், வெச்சர்றேன்." வரவில்லை, அறுபதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அறுபதாம் எண்காரர் ஒரு படகைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பிளேட் அடித்தால் வண்டி. இதை நான் இருபது வருஷம் நம்பியிருக்கிறேன், இப்போதும் நம்புகிறேன், அந்த நாளுக்கு அதை நம்பலாம். பேர் வைப்பது ஒன்று, முடிப்பது ஒன்று. இங்கே ஒன்பது வருஷமாக ஒரு பஸ் கம்பெனிக்கு ஃபைபர் பக்கப் பலகைகள் செய்கிற தொழிற்சாலையில் நான் செய்கிற வேலை இதுதான், பலகை முடிந்துவிட்டதா என்று பார்த்துச் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பலகையும் முடிந்த மாதிரிதான் இருக்கும், பளபளவென்று. சிலதில் உள்ளே ரெசின் பசை இறுகியிருக்காது. விரல் முட்டியால் தட்டினால் தெரியும், இறுகினது டக்கென்று சொல்லும், இறுகாதது வாயை மூடிக்கொண்டிருக்கும். வந்த புதிதில் ஒரு மேற்பார்வையாளர், லாரி காத்திருக்கிறது, நாளைக்குப் போடுகிற கையெழுத்தை இன்றைக்கே போடு, ராத்திரியில் இறுகிவிடும் என்றார். நான் போடவில்லை. ராத்திரியில் இறுகத்தான் இறுகியது, அவர் சொன்னது சரிதான், ஆனாலும் நான் போடவில்லை, அதற்கப்புறம் அவர் என்னிடம் கேட்டதும் இல்லை. அப்போது எனக்கு ஆங்கிலம்கூடச் சரியாக வராது. வேலை போகும் என்று பயம் இருந்தது, ஆனால் தப்பாகப் போட்டுவிடுவோமோ என்கிற பயம் இல்லை, அது எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. இப்போதும் இல்லை. எனக்கு இருப்பது கார் போய்விடும் என்கிற பயம் மட்டும்தான், அதைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது. அக்டோபர் என்று சொல்லிவிட்டால் கார் கிடைக்கும். சிக்னலில் நிற்கும். பச்சை விழும். யாராவது பக்கத்து வண்டிக் கண்ணாடியை இறக்கி, எந்த வருஷத்து வண்டி என்று கேட்பார்கள். இங்கே எல்லோரும் கேட்பார்கள், அதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு சிக்னலிலும் நான் அந்தச் செங்கலை ஒளித்து வைக்க வேண்டும். அதைப் பூபதி பையில் வைத்துக்கொண்டுவிட்டார், ஆனால் நான் பார்த்துவிட்டேன். பதினைந்து வருஷம் அதை ஒளிவுமறைவு இல்லாமல் வைத்திருந்தோம், அச்சு எடுக்கக்கூட உடையவரைக் கேட்டு எடுத்தேன், நகல் என்றால் நகல் என்று சொன்னோம். பொய்யாக அதில் ஒரு போல்ட்கூடக் கிடையாது. இரண்டு மாதத்துக்காக ஒன்றைப் போட வேண்டுமா? அறுபத்து இரண்டு. இல்லை, அது மட்டும் இல்லை. மார்ச் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைப் பார்த்துப் பின்வாங்குகிறவளாக இருந்தால் நான் பஸ் சீட்டே செய்துகொண்டிருந்திருப்பேன்.

அறுபத்து மூன்று. பூபதியும் கூட எழுந்தார், நான் கையைக் காட்டினேன், உட்கார்ந்தார், உட்காரும் முன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதைக் குடுங்க" என்றேன். "எதை?" "போட்டோவை." என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "உங்கப்பன் வூட்டுல எல்லாருமே இப்படியா, இல்லெ நீ மட்டுந்தானா?" என்றபடியே எடுத்துக் கொடுத்தார். ஜன்னலில் இருந்தவர் என் வயது இருக்கும் ஒரு பெண், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், சட்டையில் பெலாங்கர் என்று பெயர். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், என் பிரிப்பான்களைப் பார்த்து, "எல்லோரும் இப்படிக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்" என்றார். முத்திரையைக் கையில் எடுத்தும் வைத்துக்கொண்டார். "அக்டோபர் 2010. சரி. இங்கே கையெழுத்து." நான் பேனாவை எடுத்து அக்டோபர் 2010 மேல் ஒரு கோடு போட்டேன், மேலே மார்ச் 2011 என்று எழுதினேன், பக்கத்தில் சின்னதாக என் கையெழுத்து, தொழிற்சாலையில் திருத்தினால் போடுகிற மாதிரி. பிறகு கீழே பெரிய கையெழுத்து. அவர் அதைப் படித்தார். முத்திரையைக் கீழே வைத்தார். "பிளேட்டில் அக்டோபர் என்று இருக்கிறது" என்றார். "பிளேட்டை நான்தான் அடித்தேன், கார் முடிவதற்கு முன்னாலேயே. எங்கள் பட்டறையில் ஒரு பூஜை நாளில் அப்படிச் செய்வோம். அன்றைக்கு அதில் பிரேக் இல்லை." படத்தை நீட்டி, செங்கலைக் காட்டினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதைச் சொன்னால் நான் இன்றைக்கு இதை விடுவிக்க முடியாது, தெரியுமா?" "தெரியும்." "சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் இந்நேரம் வெளியே போயிருப்பீர்கள்." "அதுவும் தெரியும்." "இங்கே வருகிறவர்கள் காரை வயதானதாகக் காட்டத்தான் பாடுபடுவார்கள்" என்றார், சிரிக்காமல், எழுந்து உள்ளே போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் யாரிடமோ பேசுவது தெரிந்தது, அந்த ஆள் படத்தை வாங்கிப் பார்ப்பதும், தலையை ஆட்டுவதும். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்று தெரியவில்லை. ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம். பெலாங்கர் வந்து உட்கார்ந்து, "இறக்குமதி ஆகாததாகவே வைத்து, சுங்கப் பூட்டுள்ள கிடங்குக்கு மாற்றலாம், மார்ச் வரைக்கும். மார்ச்சில் நீங்கள் மறுபடி வர வேண்டும். ஆனால் என் மேலதிகாரி ஒன்று கேட்கிறார்" என்றார். "பிளேட்டை நீங்களே தவறு என்கிறீர்கள். மார்ச் என்பதும் நீங்கள் சொல்வதுதான். நாளைக்கு வந்து மே என்று சொன்னால்? வேறு யாராவது அந்த மாதத்தைச் சொல்ல வேண்டும். இன்றைக்கே. இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் உத்தரவு." நாள் தெரியுமா என்று கேட்டார். மாதம் தெரியும், நாள் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். நான் போனை எடுத்து, எழுத்தாகவே அனுப்பினேன்: அண்ணா, ஆயுத பூஜைக்கு ஓடலைன்னு சொல்லிட்டேன். மொத மொதல்ல பிரேக் புடிச்சு நின்னது எப்ப? உங்களுக்கு எது ஞாபகமோ அதை எழுதுங்க, எனக்காக எதுவும் எழுத வேண்டாம். இரண்டு குறிகளும் உடனே நீலமாகின. பிறகு ஒன்றும் வரவில்லை. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அவர் கோபத்தில் இருக்கிறாரா, கண்ணாடியைத் தேடுகிறாரா, ஒரு விரலால் எழுத்தெழுத்தாகக் குத்துகிறாரா, அங்கிருந்து எதுவும் தெரியாது. அவர் அக்டோபர் என்றும் எழுதலாம். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது, பாதிக் கார் அவருடையது. பின்னால் அறுபத்து நான்காம் எண்காரர் இருமினார். போன் அதிர்ந்தது. மார்ச் ஆறு, ஞாயித்துக்கெழமை. நீதான் ஓட்டுனெ. அன்னிக்கு என்ற மச்சாங் கல்யாணம், நான் போகாம டிராக்குக்கு வந்தேன். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் வூட்டுல பேச்சு வாங்கிட்டு இருக்கறேன். கல்யாணப் பத்திரிகை வேணும்னா போட்டோ எடுத்து அனுப்பறேன். நான் போனைத் திருப்பிப் பெலாங்கரிடம் காட்டினேன். அந்த எழுத்துகளை அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். "மார்ச் ஆறு" என்றேன், "அதற்காக ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லையாம்." பெலாங்கர் பேனாவை எடுத்தார். கல்யாணத்தையும் எழுதிக்கொண்டார்.